எட்டாம் வகுப்பின் வெள்ளிக்கிழமைச் செய்திகள்

அந்தப் பள்ளியில் நான் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியருக்கும் எனக்கும் ஆகாமல் போய்விட்டது. காரணம் ஒரு ஸ்மார்ட் போர்டு.

சிவகாசிப் பக்கம், தாயில்பட்டிக்கு அடுத்த ஊர் அது. ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கும் பட்டாசுக் கம்பெனி, அந்தப் போர்டைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தந்திருந்தது. போர்டின் சட்டகத்தின் மேல் கம்பெனியின் பெயர் சிவப்பில் பெரிதாக இருந்தது. தலைமையாசிரியர் அதன் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வேட்டியை உருவுவார். அவர்கள் ஜீப் ஏறியதும் மறுபடி போர்த்திவிடுவார்.

"எட்டாம் வகுப்புக்கு வேணும் சார். பிள்ளைங்க இங்கிலீஷைக் காதால கேக்கணும்" என்றேன்.

"கையை வச்சுத் தேச்சுருவாங்க டீச்சர். ரிப்பேர் ஆனா நீங்களா பாத்துக்கிருவீக?"

"பிள்ளைங்களுக்காகத்தான குடுத்தாங்க?"

"குடுத்தவுக வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்."

சாவி இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். நான் விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஆறு வருடம் டவுனில் தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

எட்டாம் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். கரும்பலகையில் உள்ளதை அச்சடித்த மாதிரி நோட்டில் எழுதுவார்கள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்ல ஒருவருக்கும் வராது. 'என் பள்ளி' என்ற கட்டுரை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். எங்கள் பள்ளியைச் சுற்றி அழகிய பூந்தோட்டம் உள்ளது என்று இருபத்தேழு பேரும் ஆங்கிலத்தில் ஒப்பித்தார்கள். பள்ளியைச் சுற்றி இருந்தது சீமைக்கருவேலம். ஒரு அடிகுழாய் உண்டு, அதில் தண்ணீர் வராது. அந்தக் கட்டுரையைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறியது.

திரை கீறிய என் பழைய போனைக் கொண்டுவந்தேன். ஆங்கிலத்தில் பேசினால் பேசியதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றை அதில் போட்டேன். பிள்ளைகள் வரிசையில் நின்று பேசினார்கள். ஒருவன் கிணற்றுக்குக் குளிக்கப் போகிறேன் என்றான். அவன் சொன்ன 'வெல்'லை 'வேல்' என்று கேட்டு, திமிங்கிலத்துக்குக் குளிக்கப் போகிறேன் என்று எழுதிக் காட்டியது போன். வகுப்பே உருண்டது. "ஏலே, இந்தப் போனுக்குக் காது செவுடுலே" என்று அவன் போனிடம் சண்டைக்குப் போனான். சரியாக எழுதும் வரை விடவில்லை. பதினோராவது தடவை கிணறு வந்தது. அந்தக் கோபத்தைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். நான் திருத்தினால் தலையைக் குனிகிற பிள்ளைகள், போன் தப்பாக எழுதினால் விடாமல் மல்லுக்கு நின்றார்கள்.

பிறகு பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றை நடுவில் வெட்டி டி.வி. செய்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்குள் முகத்தை வைத்து ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் செய்தி வாசிக்க வேண்டும். விதிகளை நான்தான் போட்டேன். செய்தி அந்த வாரம் நடந்ததாக இருக்க வேண்டும். வாக்கியம் சொந்தமாக இருக்க வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். போனில் படம்பிடித்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஆடு ரேஷன் கார்டைத் தின்றது ஒரு வாரச் செய்தி. மினிபஸ் மூன்று நாள் வராதது இன்னொன்று.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைமையாசிரியர் தூங்குவதை ஒருவன் செய்தியாக வாசித்தான். நான் சிரித்துக்கொண்டே குழுவில் போட்டேன். அடுத்த வெள்ளிக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அன்று காலை அவர் என்னை எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் நிற்க வைத்தார்.

"இதுக்குப் பேரு பாடமா? நாளைக்கி ஒங்க வீட்டுல நடக்குறத வாசிச்சா ஒத்துக்கிருவீகளா? இங்கிலீஷ் கத்துக் குடுக்க வந்தீகளா, வாய் கத்துக் குடுக்க வந்தீகளா?"

"வாய் தொறந்தாத்தான் சார் இங்கிலீஷ் வரும்" என்றேன். மற்ற ஆசிரியர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை. அவர்கள் எல்லார் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று மதியம்தான் அந்தப் பெண் செய்தி வாசித்தாள். மூன்றாவது வரிசையில் உட்காருபவள். அதுவரை ஒரு வாரம்கூட அட்டைப்பெட்டிக்குள் முகம் வைத்ததில்லை. இடைவேளைகளில் போனை வாங்கிக்கொண்டு மூலையில் போய்த் தனியாகப் பேசிப் பழகுவாள். அவள் அம்மாவுக்குப் போர்டு கொடுத்த அதே கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை.

அவள் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "வணக்கம். செவ்வாய்க்கிழமை என் அம்மா வேலை செய்யும் அறையில் தீப்பிடித்தது. அம்மாவின் வலது கை வெந்துவிட்டது. வீட்டு அடுப்பில் பட்டது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. நன்றி."

ஒரே மூச்சில் சொன்னாள். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் "வெரி குட்" என்றேன்.

கவனிக்காமல் குழுவில் போட்டுவிட்டேன் என்றுதான் பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். சாயங்காலம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நான்கு தடவை கேட்டேன். நான் வகுப்பு எடுத்த அத்தனை வருடங்களில் ஒரு பிள்ளை தனக்குச் சொந்தமான ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டது அன்றுதான். அந்தப் பெருமை ஒரு பக்கம். வேட்டி போர்த்திய போர்டும் காலையில் வாங்கிய அவமானமும் மறு பக்கம். நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும் என்று நினைத்தேன். யாரை நினைத்தேன் என்று கேட்டால், தலைமையாசிரியரை, கம்பெனியை, ஜன்னலைப் பார்த்தவர்களை. அந்த அம்மாவை நான் நினைக்கவே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது பள்ளி வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. தலைமையாசிரியர் அறையில் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"ஏன் டீச்சரு, ஒங்க இங்கிலீசுக்கு எங் கைதான் கெடச்சுச்சா?"

"இல்லம்மா, நான்..."

"பேசாதீக. எம்புட்டு வலியிலயும் நான் யாருகிட்டயும் சொல்லல. பெத்த பிள்ளைய வச்சே சொல்ல வச்சுட்டீகளே. வைத்தியம் பாக்குறது யாரு, அவுகதான? நாளைக்கி அவுக கையை விரிச்சுட்டா நீங்க வந்து கட்டு மாத்துவீகளா?"

"நடந்ததைத்தானம்மா பிள்ளை சொன்னா."

"நடந்தது எனக்குத் தெரியாதா? ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? பொழுதடஞ்சா நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவீக. நாங்கல்ல இங்கன கெடக்கணும்."

அவள் சத்தத்துக்கு வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கும் கோபம் வந்தது. அவளுக்காக யாரிடமோ சண்டை போடுகிறோம் என்று நினைத்திருந்த எனக்கு, அவளே என்னிடம் சண்டைக்கு வந்தது தாங்க முடியாததாக இருந்தது. நன்றி கெட்ட சனம் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

உள்ளே மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சர், படிச்சவுக நீங்க. அந்தம்மாவ நாங்க நல்ல ஆஸ்பத்திரியிலதான் காட்டுறோம். கேட்டுக்கிடுங்க."

"அப்புறம் எதுக்கு அடுப்புன்னு சொல்லச் சொன்னீங்க?"

"இது சீசன் நேரம். ஆபீசர் வந்து சீல் வச்சா ஊரே வீட்டுல உக்காரும். தீபாவளிக்குப் பிள்ளைக துணிமணி கேக்கும்ல? அதுக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீகளா?"

கேட்டுவிட்டு அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஏற்கெனவே பேசி வைத்திருந்ததை என்னிடம் சொன்னார். அதே பிள்ளை, அதே பெட்டிக்குள், அதே ஆங்கிலத்தில், முதலில் சொன்னது கற்பனை என்று சொல்ல வேண்டும்.

"நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

"நீங்க செய்ய வேண்டாம். பிள்ள செய்யும். தப்பில்லாம பேசுதான்னு பாத்துக் குடுத்தா போதும்."

அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதினாள். முகத்தில் அழுத தடம் இல்லை. அவள் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவள் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"மிஸ், 'அம்மாவின் கை சுடப்பட்டது'ன்னு எழுதிருக்கேன். சரியா?"

செயப்பாட்டு வினை. 'பர்ன்ட்' வர வேண்டிய இடத்தில், துப்பாக்கியால் சுட்டது மாதிரி 'ஷாட்' என்று போட்டிருந்தாள். அடித்துவிட்டுச் சரியான சொல்லை எழுதினேன். என் கை அதைத் தானாகவே செய்தது.

"எதாலன்னு எழுதணுமா மிஸ்?"

"வேண்டாம். அது இல்லாமலே வாக்கியம் சரிதான்."

"அடுப்புன்னு வரணும்" என்றார் மேனேஜர், தலையை நிமிர்த்தாமல்.

அவள் அடுப்பு என்று எழுதினாள்.

அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். நான் படம்பிடிக்கவில்லை. தலைமையாசிரியரே பிடித்தார். பிறகு அவர் எழுந்து ஸ்மார்ட் போர்டு அறையைத் திறந்து வேட்டியை உருவினார். பெரிய திரையில் போட்டு மேனேஜருக்குக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதன்முதலாக அந்தப் போர்டில் ஆங்கிலம் பேசியது அப்படித்தான். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

அது குழுவில் போனது. ஆனாலும் முதல் காணொளி அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. பத்து நாளில் அதிகாரிகள் வந்தார்கள். கம்பெனியில் தீப்பிடித்த அறையில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்ததாம். அவர்கள் கண்டுபிடித்தது வேறு ஏதோ சில்லறைக் குறை. அதற்காகச் சில நாள் கம்பெனியை மூடினார்கள். அந்தச் சில நாளும் ஊர் என்னைத்தான் பேசியது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் பெண்கள் நின்றுகொண்டே வந்தார்கள். பள்ளிக்கு எதிர்க் கடையில் டீ கேட்டால் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவருக்கு டீ போட்டார்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாளும் போய்க் கேட்டேன். மறுநாளும் பால் தீர்ந்திருந்தது.

எட்டாம் வகுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கச் சொன்னார்கள். அந்த வருடக் கடைசியில் புதுமையான கற்பித்தலுக்காகத் தலைமையாசிரியருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. அவர் அனுப்பிய படங்களில் எங்கள் அட்டைப்பெட்டி டி.வி. இருந்தது. நான் எந்தப் படத்திலும் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு, நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் மேஜைக்கு நேர் மேலே மாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, ஆள் இல்லாமல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை என்னிடமே கொடுத்தார்கள்; அந்தப் பெண் மறுபடி என் வகுப்புக்கு வந்தாள். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுப்பி ஏதாவது சொந்தமாகச் சொல் என்றால், பாடத்தில் உள்ள பத்தியை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன். "ஏன் இப்படி? உனக்கு என்னைவிட நல்லாப் பேச வரும்."

"புஸ்தகத்துல இருக்கதச் சொன்னா யாரும் எங்க அம்மாவ வந்து கேக்க மாட்டாக மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் அம்மாவுக்கு இரண்டு விரல் மடங்காது. அதே கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள்.

பொதுத்தேர்வு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, அவளாகவே என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"மிஸ், அந்த வீடியோவ அழிச்சுட்டீகளா?"

எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. இல்லை என்றேன். கையை நீட்டினாள். மேஜை டிராயரிலிருந்து பழைய போனை எடுத்துக் கொடுத்தேன். அவளே தேடி எடுத்தாள். காதோடு வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"ரெண்டு எடத்துல தப்பாப் பேசிருக்கேன் மிஸ். நீங்க சொல்லவே இல்ல."

எங்கே தப்பு என்று எனக்கு நினைவில்லை. அத்தனை தடவை கேட்டும் என் காதில் அது விழுந்திருக்கவில்லை. நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் அழித்துவிட்டாள். போனை மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த அம்மாவிடம் போனாள். அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.