ராணியை ஏற்றிப் போன காலை

வேப்பெண்ணெய் வாடை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், காலை ஆறரைக்கு அது முகத்தில் அடித்ததும், சிறு வயதில் நான் டைபாய்டில் கிடந்த அறை நினைவுக்கு வந்தது. மூடிய சன்னல், கொசுவுக்கு ஏற்றிய வேப்பெண்ணெய் விளக்கு, யாரும் உரக்கப் பேசாத வீடு.

இங்கே காய்ச்சல் மாட்டுக்கு. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் செல்வி, ராணியின் காது மடிப்பிலும் மடியோரத்திலும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உண்ணிகள் உதிரவில்லை, ரத்தம் குடித்து ஊதி, தோலோடு ஒட்டிக்கிடந்தன. ராணி வெறும் பால்மாடு அல்ல. வேளச்சேரி வரை போய்ப் புதுவீடுகளின் வாசல் மிதிக்கும் மாடு. லிஃப்டில்கூட ஏறியிருக்கிறாள். மறுநாளும் ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது.

குட்டியானை லோடு வண்டி வந்தது. மாட்டு ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர், வாடகை ஆயிரம். எல்லோருமாய்த் தள்ளி ஏற்றினோம்.

"கவித எயுதுற சாரு மாடு தள்றாரு பாரு!" என்றார் ஓட்டுநர் பாபு.

செல்வி சிரிக்கவில்லை. பின்னால் ஏறி ராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஏறினேன்.

லஸ், ஆழ்வார்பேட்டை. நகரம் குளித்துப் பவுடர் பூசிக் கிளம்பிக்கொண்டிருந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரில் நின்ற பெண் ஒருத்தி கை நீட்டி, ராணியின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மாடு சாவக் கெடக்குது, இதுல கும்புடு வேற" என்று முணுமுணுத்தார் பாபு.

"வுடு நைனா, கும்புட்டுக்கினு போவட்டும்" என்றாள் செல்வி.

அப்போதுதான் ராணி சிறுநீர் விட்டாள். தகரத்தில் டிகாக்‌ஷன் நிறத்தில், சிவப்பேறி வழிந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"நாலஞ்சு நாளா. பீட்ரூட்டு சார். கல்யாண மண்டபத்துல தோலு மூட்ட மூட்டயா குடுக்குறாங்கோ. துன்னா அப்டித்தான் போவும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ராணியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு வெளுப்பு.

"உண்ணிக் காய்ச்சல்மா. உண்ணி கடிச்சு கிருமி உள்ள போயிருக்கு, ரத்தத்தை உடைக்குது. அதுதான் சிவப்பா வருது. ஊசி போடறேன். முதல் நாளே வந்திருக்கணும்."

"பீட்ரூட்டுன்னு நெனச்சேன் மேடம்."

அதையே மறுபடி சொன்னாள், சுவரைப் பார்த்து. குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்குவதற்குள் ராணியின் காது ஈயை விரட்டுவதை நிறுத்திவிட்டது.

போகும்போது முழங்காலை மடக்கி ஒடுங்கிய வண்டியில், திரும்பும்போது நாங்கள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு கயிறு. வேளச்சேரி கிரகப்பிரவேச வீட்டிலிருந்து செல்விக்குப் போன் வந்தது. "மாடு வராது சார், வேற பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்தாள். ஏன் என்று அவர்கள் கேட்டார்களா, தெரியவில்லை.

சந்தில் ராணியின் மகள் கட்டுத்தறியில் நின்றிருந்தது. எதிரே கூடை நிறையப் பீட்ரூட் தோல். செல்வி அதைக் காலால் தள்ளினாள். கன்றின் வாலைத் தூக்கி, கீழே ஈரத் தரையைக் குனிந்து பார்த்தாள். தரையெல்லாம் சிவப்புதான். எந்தச் சிவப்பு?

"வர்றேன் செல்வி" என்றேன்.

"வா சார். இனிமே இதுக்கு வைக்கோலுதான். எந்தக் கலர்ல போவுதுன்னு எனுக்குத் தெரியணும்."