முத்துக்குமாருவின் முள்ளந்தண்டு

சத்தத்தைக் கேட்டே இன்ன விமானம் என்று சொல்லக்கூடியவர் எனப் பெயர் எடுத்தவர் முத்துக்குமாரு. வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரை நம்பியிருந்தது. "உது சாமான் ஏத்திறது, பேசாமல் சாப்பிடுங்கோ" என்று அவர் சொன்னால் நாங்கள் சாப்பிட்டோம். எழுபது தாண்டிய வெங்காயச் செய்கைக்காரருக்கு இந்தப் பதவியை யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் ஒருநாள் மத்தியானம் இராசநாயகம் வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடிய அந்த வண்டி ஒழுங்கைக் கோடியில் வரும்போதே தன்னுடைய முழு வயிற்றெரிச்சலையும் சொல்லிக்கொண்டு வந்தது. நித்திரையிலிருந்த முத்துக்குமாரு "பொம்மர்!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். குண்டுவீச்சுக்கு ஒளிய வளவில் வெட்டிய பங்கருக்கு எல்லாரும் ஓடினோம். பெண்கள் முதலில் இறங்கவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். படியெல்லாம் பெண்களாக இருந்ததால் கடைசியாக வந்த முத்துக்குமாரு மேலிருந்தே குதித்தார். பங்கர் ஆழமாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து வெட்டியவரும் அவர்தான். இடுப்பு நிலத்தில் அடிபட, இருந்தபடி விழுந்தார். வாத்தியார் ஹோர்ன் அடித்துக்கொண்டு படலையைக் கடந்து போனார்.

ஆஸ்பத்திரியில் "மோட்டார் சைக்கிளாலையோ?" என்று கேட்டார்கள். முத்துக்குமாரு "ஓம்" என்றார். அது பொய்யும் இல்லை.

டொக்டர் சீவரத்தினம் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, முள்ளந்தண்டிலை ஒரு எலும்பு நசிஞ்சு சப்பளிஞ்சுபோச்சு. முதுகைத் திறந்து கம்பி வைச்சு ஆணி பூட்டலாம். அதுக்குக் கொழும்புக்குப் போகவேணும். ஆனா உங்கடை வயசிலை எலும்பு தேத்தண்ணியிலை தோய்ச்ச ரஸ்க் மாதிரி. ஆணி பிடிக்குமோ தெரியாது. மயக்கத்திலையிருந்து எழும்புவியளோ எண்டும் என்னாலை சொல்லேலாது. மற்றது, பலகையிலை அசையாமல் படுத்தால் தானாப் பொருந்தும். மூண்டு மாதமாவது செல்லும்."

இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குள் செய்தி அறிந்து, பாரிசில் இருந்த மகன் தேவராசா கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் வேறொரு வழி சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே வெட்டாமல், ஊசியால் எலும்புக்குள் ஒரு வகைச் சீமெந்தை விடுகிறார்களாம். முத்துக்குமாரு டொக்டரிடம் அதைக் கேட்டார்.

"நானும் வாசிச்சிருக்கிறன். வயசுபோனவைக்கு அதுதான் சுகம். அங்கையே இப்பதான் துவங்கியிருக்கினம், இஞ்சை இல்லை."

"சீமெந்தெண்டால் இஞ்சை வர விடாங்கள்தானே" என்றார் முத்துக்குமாரு. குடாநாட்டுக்குள் ஒரு மூடைச் சீமெந்து கொண்டுவரவும் தடை இருந்த காலம் அது. டொக்டர் சிரிக்கவில்லை, அவருக்கும் பாதி கட்டிய வீடு ஒன்று இருந்தது.

மனைவி கனகாம்பிகை தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து முத்துக்குமாரு குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர், எனக்கு வெட்டுங்கோ. செத்தாலும் பரவாயில்லை. நான் பலகையிலை கிடந்தால் உவ என்னை விட்டிட்டுப் பங்கருக்குப் போகமாட்டா. எனக்குத் தெரியும்."

கொழும்புக்கு அனுப்ப செஞ்சிலுவைக்காரரின் கப்பலில் இடம் கேட்டுப் பார்ப்பதாகவும், அதற்குள் யோசித்து முடிவு சொல்லும்படியும் டொக்டர் சொன்னார். வாத்தியாரும் நானும் அவரைப் பலகையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கனகாம்பிகையிடம் அவர் சொன்னது "சத்திரசிகிச்சை நல்லதாம்" என்பது மட்டும்தான். கிழவனுக்கு இந்த வயதிலும் உயிரில் என்ன ஆசை என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். நானும் கதைத்தேன்; டொக்டரிடம் அவர் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த கிழமை உண்மையான பொம்மர் வந்தது. முத்துக்குமாரு சரியாகத்தான் சொன்னார், ஆனால் அதற்குள் நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். கனகாம்பிகை வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவர் அவளைத் திட்டிய திட்டு பங்கர்வரை கேட்டது. அவளுடைய தாய் தகப்பன், சீதனம், வைத்த குழம்பு ஒன்றையும் விடவில்லை.

"கத்தாதேங்கோ, முதுகு அசையும்" என்ற அவள் குரலும் கேட்டது.

குண்டு வயலில் விழுந்தது. நாங்கள் மேலே வந்து பார்த்தபோது அவள் கட்டிலடியில் இருந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

மறுநாள் அவள் தையல் மெசினை எடுத்தாள். சாக்குக்குத் தட்டுப்பாடு என்பதால் எங்கள் ஊரில் பெண்கள் பழஞ்சேலைகளில்தான் மண்மூடை தைத்தார்கள். அவளும் தைத்தாள். மண் அள்ளிப் போட்டது நாங்கள். இரண்டு நாளில் கட்டிலைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுந்தது, மேலே பனங்குற்றியும் அடுக்கினோம். தலைமாட்டில் இருந்த மூடை சிவப்பாய்ப் பளபளத்தது. முத்துக்குமாரு அதைத் தடவிப் பார்த்தார்.

"இது உன்ரை கலியாணக் கூறையெல்லே?"

"ஓம். பட்டு நல்ல கெட்டி, மண் கொட்டாது."

"விசரி. சுவர் ஏன் இவ்வளவு தள்ளி நிக்குது? கிட்டக் கட்டியிருந்தால் மூடை மிச்சம்."

"என்ரை பாய் விரிக்க வேண்டாமே?" என்று கேட்டுவிட்டு அவள் உலை வைக்கப் போனாள்.

முத்துக்குமாரு அழுதார். அழுதால் முதுகு நொந்தது. நொந்தாலும் அவரால் நிறுத்த முடியவில்லை. நான் வெட்கப்பட்டு மண்வெட்டியைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, டொக்டரிட்டைப் போய் ஒப்பரேசன் வேண்டாமெண்டு சொல்லு. நான் செத்தால் உவ இதுக்குள்ளை தனியவெல்லே கிடப்பா."