நாலு விரல் இடைவெளி

கலைமணி குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டது, அவளே செய்து பொருத்திய கதவால்தான்.

அரும்பாவூர்க்காரி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, திருச்சியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பெரம்பலூர் நாலு ரோடு பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டாள். எவர்சில்வர் வேலை மட்டும். செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை உரித்துக் கழுவி வெளியூருக்கு அனுப்பும் சாமிதுரை, தன் குளிர் அறைக்குத் தள்ளு கதவு வேண்டுமென்று வந்தபோது ஒன்றுதான் கேட்டார்.

"துரு மட்டும் வரவே கூடாதும்மா. உரிச்ச வெங்காயம். ஒரு பொட்டு துரு ஒட்டுனாலும் லோடு திரும்பி வந்துரும்."

அதனால் கதவு தொங்கி ஓடும் மேல் தண்டவாளம், அதில் உருளும் சக்கரம், சக்கரத்தின் நடுவே போகும் அச்சு என்று எல்லாவற்றையும் 304 ரக எவர்சில்வரிலேயே போட்டாள். துரு வரவில்லை. ஆனால் தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் கிரீஸ் நிற்காமல் போனது. கதவு வரவர முரண்டு பிடித்தது.

பார்க்கப் போனவள் உள்ளே நின்றபடி, "இழுத்து மூடுங்கண்ணே, எங்க கத்துதுன்னு கேக்கணும்" என்றாள். தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாளும் உள்ளேயே இருந்தாள். கதவு கிரீச்சிட்டு மூடியது. திறக்கும்போது நாலு விரல் அகலம் நகர்ந்தது. அதோடு சரி.

வெளியே ஆட்கள் கூடி இழுத்தார்கள். அசையவில்லை. அந்தச் சந்து வழியாக வெயில் தெரிந்தது. சாமிதுரையின் சட்டைப் பித்தான் தெரிந்தது. கையை விட்டால் முழங்கையோடு நின்றது.

"மொதல்ல குளிர் ஊதுற ஃபேனை நிறுத்துங்க" என்று கத்தினாள் கலைமணி. ஃபேன் நின்றது. குளிர் நிற்கவில்லை. பச்சையம்மாள் ஈரப் புடவையோடு நடுங்கினாள்.

"ஏம்மா, நீதானே செஞ்ச? உனக்கே தொறக்கத் தெரியலையா?"

கலைமணி அவள் பக்கத்தில் போனாள். தன் துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் சுற்றினாள். "இருங்கக்கா. இருங்க."

எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. துரு வராமல் காப்பது அதுதான். ஒரே ரகம் இரண்டு, பாரத்தோடு ஒன்றையொன்று உரசினால் அந்தத் தோல் கிழிந்து, வெறும் உலோகமும் வெறும் உலோகமும் கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் கவ்வும். படித்ததுதான். சக்கரம் உருளத்தானே போகிறது, உரசாது என்று நினைத்துவிட்டாள். அச்சைக் கவ்விய சக்கரம் உருளாமல், இப்போது தண்டவாளத்தையும் பிறாண்டிக்கொண்டு நிற்கிறது.

வெளியே டிராக்டர் உறுமியது. கைப்பிடியில் கயிறு கட்டுவது சந்து வழியே தெரிந்தது.

"அண்ணே, வேண்டாம்! இழுத்தா கதவு கழண்டு எங்க மேல சாயும்!"

"வேற என்னதாம்மா பண்றது?"

"லாரி ஜாக்கி கொண்டாங்க. கதவை அடியில முட்டுக் கொடுத்துத் தூக்குங்க. சக்கரத்து மேல பாரம் இருக்கவே கூடாது. அப்புறம் தள்ளுங்க, மெதுவா."

ஜாக்கி வந்தது. கதவு நூலளவு எழும்பியது. நாலைந்து பேர் தள்ள, ஆள் நுழையும் அளவுக்கு நகர்ந்ததும் கலைமணி பச்சையம்மாளை முதலில் வெளியே விட்டாள். பச்சையம்மாள் வெயிலில் போய் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து உரிக்கிற கொட்டகைக்கே வேலையை மாற்றிக்கொண்டாள்.

கலைமணி அத்தோடு விடவில்லை. இதே மாதிரிக் கதவு ஒன்றை அரியலூரில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனிக்கும் செய்து கொடுத்திருந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் போய் நின்றாள்.

"நல்லாத்தானே ஓடுது, ஏன் பயத்தைக் கிளப்பிவிடறீங்க?" என்றார் மேனேஜர்.

"ஓடுற வரைக்கும் ஓடும் சார். மாத்தித் தர்ற வரைக்கும் மூடாதீங்க" என்று வாசலிலேயே நின்றாள். கடைசியில் அவர் ஐஸ்கிரீமை ஃப்ரீசர் பெட்டிகளுக்கு மாற்ற ஒத்துக்கொண்டார்.

மாற்றுவது எதை வைத்து? கடினமான 440சி ரகத்தில் சக்கரம் கடைந்து வெங்காயம் கழுவிய தண்ணீரில் போட்டாள். சில நாளில் பழுப்புப் புள்ளி வந்தது. 316 ரகம் துருவைத் தாங்கும். ஆனால் அதுவும் 304 மாதிரியே கவ்வும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பட்டறையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டியது.

திருச்சியில் கூட வேலை பார்த்த பூவிழிக்குப் போன் போட்டாள். அவள் இப்போது வால்வு கம்பெனியில் இருக்கிறாள்.

"நைட்ரானிக் 60ன்னு ஒரு எவர்சில்வர் ரகம் இருக்கு, பாருடி. மாங்கனீசும் சிலிக்கானும் கூடுதல். 304 மேல உரசினாலும் லேசுல கவ்வாது, துருவைத் தாங்கறதுலயும் 304க்குக் கொறையாது. ஆனா கெடைக்கிறதுதான் லேட்டாகும்."

காத்திருந்தாள். வந்ததும் சக்கரத்தையும் அச்சுக்கான உறையையும் அதில் கடைந்து, மணல் மூட்டை தொங்கவிட்டு, கிரீஸே இல்லாமல் நாள் கணக்கில் ஓட்டினாள். கழற்றிப் பார்த்தபோது அச்சு பளபளவென்றிருந்தது. கீறல்கூட இல்லை. இரண்டு ஊர்க் கதவுகளையும் மாற்றினாள்.

கதவு இப்போது ஒற்றைக் கையில் ஓடுகிறது. ஆனால் எந்தக் குளிர் அறைக்குள் போனாலும் கலைமணி கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போகிறாள். உள்ளே நிற்கும்போதும் கண் அந்தக் கட்டை மேலேயே இருக்கிறது.