கண்ணாடியில் தொங்கிய பனிக்காலம்

ஒரு பாறை மீன் என்னை முட்டாளாக்கியிருக்கிறது. உயிருள்ள மீன்கூட இல்லை, செத்து ஐஸில் கிடந்த மீன். அது வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. முழுப் பெருமையும் என்னையே வந்து சேருகிறது.

எல்லாம் என் காரில் வெளி வெப்பத்தைக் காட்டும் எண்ணில் தொடங்கியது. பழைய கார்தான். ஒருவர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றதை நான் ஆசையோடு வாங்கினேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மினுங்கிய அந்த எண்ணைப் பார்த்தேன். முப்பத்தாறு என்றிருந்தது. "வெளிய எம்புட்டுச் சூடுன்னு காட்டும்ணே" என்றார் விற்றவர். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். போடியில் வெளியே எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ள வெளியே வந்து நின்றால் போதும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே "முப்பத்தெட்டு" என்று அறிவித்துக்கொண்டுதான் இறங்குவேன். கடைக்காரர் என்னை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "வானிலைக்கு ஒரு டீ போடப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஒருநாள் வண்டி அவருடைய பஜ்ஜி அடுப்பை ஒட்டி நின்றிருந்தபோது ஐம்பத்தொன்று காட்டியது. யாரும் குடையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அன்று கடையிலிருந்த எல்லோரையும் எச்சரித்தேன். அந்த அடுப்பிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். வெளி வெப்பம் மூன்று டிகிரிக்குக் கீழே போனால் பனித்துகள் மாதிரி ஒரு சின்னம் எரியும், டிங் என்று ஒரு மணி அடிக்கும், சாலையில் ஐஸ் இருக்கலாம், பார்த்து ஓட்டவும் என்று இங்கிலீஷில் எழுத்து ஓடும் என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை என் மனைவிக்குக் கதை போல வாசித்துக் காட்டினேன்.

"அது எரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"வண்டிய மெதுவா ஓட்டுவேன்."

"இதுக்கு மேலயா?"

என் ஓட்டம் அப்படி. ராசிங்காபுரம் போகிற வழியில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று மணியடித்து என்னை முந்திப் போயிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சின்னம் ஒரே ஒரு தடவை எரிந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் எனக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்றும் இருந்தது. என் சொந்தத்தில் இந்தக் காரில் ஏறாத ஒரே ஆள் என் மாமனார். போடிமெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், ஜீப்புக்காரர். கீழே வருவதும் மேலே போவதும் தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பின் முன் சீட்டில்தான். என் காரை அவர் "தரையக் கூட்டிக்கிட்டே போற வண்டி" என்பார். மாமனார் ஏறாத காரை மருமகன் வைத்திருப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. "ஒங்க மாமா ஜீப்புல வந்து எறங்குனாரே, நீங்க ஊர்ல இல்லையா?" என்று விசாரிப்பார்கள். நான் ஊரில்தான் இருந்திருப்பேன், வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில் அவருக்குக் கண்ணில் புரை என்று தேனியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாளே அவரைக் கீழே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். என் மனைவி போனில் பேசிப் பேசி அவரைக் கரைத்து வைத்திருந்தாள். "வாங்க, பாப்போம்" என்ற அளவுக்கு வந்திருந்தார். அவர் வாயில் அது பாதிச் சம்மதம்.

கிளம்புகிற காலையில் அவள் என்னிடம் சொன்னாள். "இன்னைக்கு அப்பா நம்ம வண்டியில ஏறணும். அதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். டிகிரி பத்தி மட்டும் வாயே தெறக்கக் கூடாது."

சரி என்றேன். எளிய வேலையாகத்தான் தெரிந்தது.

அத்தை கடல் மீன் கேட்டிருந்தார். மார்க்கெட்டில் பாறை மீன் வாங்கித் துண்டு போடச் சொன்னேன். மலைக்குப் போகிறது என்றதும் மீன்காரர் பை நிறைய ஐஸை அள்ளிக் கொட்டிக் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் மனைவி கார்க் கதவை மறித்து நின்றாள்.

"மீன உள்ள வெக்காதீங்க. திரும்பி வர்றப்ப அப்பா மூக்கப் பொத்திக்கிட்டா வருவாரு?"

"டிக்கியில வெக்கிறேன்."

"டிக்கி நாத்தம் உள்ள வராதாக்கும்?"

அவள் சொன்னது நியாயம். ஆகவே பையை, பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டு, ஆடாமல் இருக்கச் சணலால் இறுக்கிக் கட்டினேன். கண்ணாடியின் தாடைக்கு அடியில் ஐஸ்பை அணைவாக உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி மறைந்துவிட்டதால் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு மனைவிக்கு. "பின்னால யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டேன். "வந்தவங்க எல்லாரும் முன்னால போயிட்டாங்க" என்றாள்.

போடியை விட்டபோது எண் இருபத்தொன்பது. முந்தலில் பதினேழு. மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. என் கண் அங்கேயும் ரோட்டிலுமாக அலைந்தது. வாயைத் திறக்கக் கூடாதே. தும்மலை அடக்குகிற மாதிரி அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

ஏற்றத்தில் பதினொன்று ஆனது, பிறகு எட்டு. ஏற்றத்தில் வண்டி இழுக்காது என்று ஏசியை அணைத்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கியது. ஆனால் எண் எட்டு என்கிறது. எதை நம்புவது? என் உடம்புக்கு வயதாகிறது, அது ஏதாவது உளறும். மெஷின் உளறாது. குளிர் உள்ளே வந்து மனைவிக்கு ஆகாமல் போய்விடக் கூடாதே என்று என் பக்கத்துக் கதவுக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். வேர்வை இன்னும் கொட்டியது. வெளியே அத்தனை குளிர், உள்ளே இத்தனை புழுக்கம். காரின் கதவுகளை எவ்வளவு கெட்டியாகச் செய்திருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் டிங் என்றது.

சின்னம் எரிந்தது. பக்கத்தில் இரண்டு என்ற எண். புத்தகத்தில் போட்டிருந்தபடியே எழுத்தும் ஓடியது. நான் வளைவின் நட்ட நடுவில் பிரேக் போட்டு நின்றேன்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"நீதான் பேசக் கூடாதுன்னயே."

"இப்பப் பேசுங்க."

"ரோட்ல ஐஸ் இருக்காம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தானையை அப்படியே கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அதற்குள் பின்னால் ஹாரன் சத்தம். தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று வளைய முடியாமல் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார், இளவட்டம்.

"அண்ணே, வண்டி நின்னு போச்சா? தள்ளணுமா?"

"வண்டி நல்லாருக்கு. ரோட்ல ஐஸ் இருக்கலாம்னு சொல்லுது."

"எந்த ரோட்லண்ணே?"

"இதுலதான்."

அவர் குனிந்து தாரைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்து, "ஏத்தா, ரோட்ல ஐஸாம்" என்று குரல் கொடுத்தார். பெண்கள் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ரோட்டில் வைத்துப் பார்த்தாள்.

"சுடுதுண்ணே."

"எங்கயாச்சும் நெழல்ல கெடக்கும், தேடுங்கடி" என்றாள் இன்னொருத்தி. "கெடச்சா எனக்குச் சேமியா ஐஸாப் பாத்துக் கொண்டா."

மூன்றாவது ஒருத்தி என் காரைச் சுற்றி வந்தவள், இடது பக்கத்தில் நின்றாள். "ஐஸு இங்கன ஒழுகுதே. ஒங்க மீன் பையில."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவளுடைய அறியாமைக்காக. "இது வேற ஐஸும்மா. அது வானிலை சம்பந்தப்பட்டது" என்று பொறுமையாக விளக்கினேன்.

"அண்ணே, வானிலைய ஓரங்கட்டுங்க. வெரசாப் போகணும், சோலி கெடக்கு" என்றார் டிரைவர்.

ஓரங்கட்டினேன். ஜீப் போன பிறகும் வழுக்கிவிடாமல் இருக்க ஆள் நடக்கிற வேகத்திலேயே ஏறினேன். இடையில் ஒரு குரங்கு எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தது. அது மீனுக்காக வந்ததா, துணைக்கு வந்ததா தெரியவில்லை.

தோட்டத்து வாசலில் மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சேதி ஜீப்பில் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க மாப்ளே. ரோடெல்லாம் ஒறஞ்சு போச்சாம்ல."

மனைவி என் கையைக் கிள்ளினாள். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. இன்ஜினை அணைக்காமல், "நீங்களே பாருங்க மாமா" என்று கதவைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி அந்த இரண்டைப் பார்த்தார். நிமிர்ந்து என் வேர்த்த முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத்தான் கண்ணுல புரைன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அத்தை வந்து சணலை அவிழ்த்து மீன் பையை எடுத்துப் போனார். நானும் மனைவியும் எண்ணைப் பார்த்தபடி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அது ஐந்து ஆயிற்று. சின்னம் அணைந்தது. ஒன்பது. பதினைந்து. எந்த ஊரிலும் வசந்தம் அத்தனை சீக்கிரம் வந்திருக்காது. மனைவி கண்ணாடியின் அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளி வெப்பத்தை அளக்கிற சமாசாரம் அதுதான். காலையிலிருந்து அது மீனின் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மீன் கழுவப் போறேன்" என்று போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

சாப்பாட்டின்போது யாரும் ஐஸைப் பற்றிப் பேசவில்லை. மீன் குழம்பு அந்த வேலையைச் செய்தது. மாமனார் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு, அத்தை மூன்றாவது கரண்டியோடு வந்தபோது "மதி, மதி" என்று கையை மறித்தார். மெட்டைத் தாண்டி மலையாளம் பேசுகிற பக்கம் போய்விட்டால் எங்கள் ஆட்களுக்குப் போதும் என்பது மதி ஆகிவிடும். கை கழுவிக்கொண்டு வந்து வெள்ளைச் சட்டையை மாட்டினார்.

"சரி ஆத்தா, கெளம்புவோம். ஒங்க வண்டியிலயே போவோம்" என்றார் மகளிடம்.

மனைவி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். சீட்டை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உக்கார நல்லாத்தான் இருக்கு" என்றார். அத்தை வாசலில் நின்று கையசைத்தார். மனைவி பின் சீட்டில் அவருடைய துணிப்பையோடு ஏறிக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். எண் இருபத்து நான்கு என்று சமர்த்தாகக் காட்டியது. கியரைப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் என் மனசு கேட்கவில்லை. பொய் சொல்கிற வண்டியில் ஏறியிருக்கிறோம் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருப்பார்? என் மேல் பழி இருக்கட்டும், அது பழகிப்போனது. வண்டியின் மேல் ஏன்?

"மாமா, ஒரே ஒரு விசயம்" என்றேன்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"ரெண்டு நிமிசம்."

இறங்கி ஓடினேன். அத்தையின் ஃபிரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளையெல்லாம் தட்டி, அடுப்படிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அதே மீன் பையில் போட்டுக்கொண்டு வந்து, மாமனார் பக்கத்துக் கண்ணாடியில் அதே மாதிரி கட்டினேன். கதவுக் கண்ணாடி இறக்கியிருந்தது. அவர் பையைப் பார்த்தார். நான் ஓடிப் போய் என் சீட்டில் உட்கார்ந்து எண்ணை நோக்கி விரலை நீட்டினேன். இருபது, பதினாலு, ஏழு.

"பாத்தீங்களா மாமா. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. மீன் சொன்னத அப்படியே சொல்லியிருக்கு."

டிங் என்றது. சின்னம் எரிந்தது. ஒரே நாளில் இரண்டாம் தடவை. நான் பூரித்துப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வாடை காருக்குள் வந்து நிறைந்ததையோ, பை ஒழுகி வெள்ளைச் சட்டையின் கைப்பக்கம் நனைந்ததையோ கவனிக்கவில்லை. பின் சீட்டில் மனைவி நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

மேலே எங்கோ வளைவில் ஹாரன் கேட்டது. மாமனார் நிதானமாக பெல்ட்டைக் கழற்றினார், கதவைத் திறந்தார், மீன் பையில் படாமல் ஒதுங்கி இறங்கினார்.

"மாமா, எங்க போறீங்க?" என்றேன்.

"ஜீப்பு வருது."