பழுதா என்று கேட்டேன்

புதியது விலை அதிகம் என்பதால், பழைய வீடியோ கேம் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். எனக்குத்தான். சிரிக்க வேண்டாம்.

“ஏன் விற்கிறீர்கள்? பழுதா?” என்று எழுதிக் கேட்டேன்.

“பழுதில்ல ஆன்ட்டி, விளையாட ஆளில்ல” என்று பதில் வந்தது.

சாக்கு என்று நினைத்து, விலையில் பத்து சிங்கப்பூர் வெள்ளி குறைத்துப் பேசினேன்.

இன்று டோபி காட் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொண்டுவந்து கொடுத்தாள். கேம் டிஸ்க்கில் கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

“கீறல் இருக்காது ஆன்ட்டி. என் ஹஸ்பண்ட் ரொம்ப கவனமா வச்சிருந்தாரு. போன மாசம் தவறிட்டாரு.”

குறைத்த பத்து வெள்ளியை நீட்டினேன். “பேசுன விலையே போதும் லா ஆன்ட்டி” என்று போய்விட்டாள்.

என் கணவர் இறந்தபின் அவருடைய காரை விற்றேன். அப்போது “ஏன் விற்கிறீர்கள்?” என்று துருவியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரணம் கேட்காமல் வாங்கும் மரியாதையை நான் படித்த கான்வென்ட்டில் சொல்லித் தரவில்லை. உங்கள் பள்ளியில் உண்டா?