மாதாவின் காலடியில் வைத்த பாலப்பெட்டி

உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கெம்பர் வாகனத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிவர ஒரு தரம் நடந்தார். டயரை ஒரு முறை காலால் தட்டினார்.

"உனக்கு ஒருத்தனுக்கு உந்த பஸ் என்னத்துக்கடாப்பா?"

"லீவுக்கு ஓடலாம் அண்ணை."

"ஓடலாம். உள்ளுக்கு நாலு பேர் படுக்கலாம் போல கிடக்கு. ஆரைக் கூட்டிக்கொண்டு போகப்போறாய்? என்னைக் கேளாதை. உன்ர சமையல் எனக்குத் தெரியும்."

நான் சிரித்தேன். பதில் சொல்லத் தெரியாத இடங்களில் நான் சிரித்துவிடுவேன். டென்மார்க்கில், இந்தச் சில்க்போர்க்கில் இத்தனை வருடமும் அப்படித்தான் போயிருக்கிறது.

இந்த வாகனத்தைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பல வருடம் கதைத்திருக்கிறோம். மனைவிக்குப் பின்னால் அகலமான கட்டில் வேண்டும். மகளுக்குச் சாரதிக்கு மேலே இருக்கிற கட்டில் வேண்டும். எனக்கு ஓட்டினால் போதும். களஞ்சியம் ஒன்றுக்கு லொறி ஓட்டுவதால் பாரமான வாகனத்துக்கான லைசென்ஸ் என்னிடம் இருந்தது. கடைசியில் நான் அதை வாங்கியபோது மனைவி லண்டனுக்குத் தன் சகோதரிகளிடம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என்னோடு இருப்பது தனியாக இருப்பது போல் இருக்கிறது என்று சொன்னார். அது பொய்யில்லை.

மகள் நாட்டின் மற்றப் பக்கத்தில், பெரிய பாலம் தாண்டி, அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. டேனிஷ் பையன் ஒருவனோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறேன் என்று அவள் என்னிடம் நேரில் வந்து சொன்னாள். கலியாணம் இப்போதைக்கு இல்லை என்றும் சொன்னாள். நான் "சரி" என்றேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் வெளியே போய்க் கெம்பரின் டயருக்குக் காற்றுப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவள் புறப்படச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் இருக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் நான் சொல்லவில்லை. நாட்கள் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படியே ஒரு வருடம் போனது. நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புவோம், அவ்வளவுதான்.

அடுத்த கோடை விடுமுறைக்கு சுவீடன் வழியாக நோர்வேக்கு ஓடலாம் என்று நினைத்தேன். பாலங்களிலும் நோர்வேயின் வீதிகளிலும் கட்டணம் தானாகப் பதிவாகும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். வாயிலுக்குக் கிட்டப் போனால் பீப் என்று சத்தம் போடும், தடை எழும்பும். நாங்கள் வீட்டில் அதைப் பாலப்பெட்டி என்போம். பழைய காரில் ஒன்று இருந்தது, ஆனால் மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு வேறாகப் பதியவேண்டும். என்னுடையது நாலு தொன்னுக்கு மேல், நீளம் ஏழரை மீற்றர். அந்தப் படிவம் எனக்கு விளங்கவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு மகளுக்கு எழுதினேன்.

அவள் அன்றே எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, வாகனப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ. நான் என்ர பேரில பதியிறன். உங்களுக்கு வாற மெயில் ஒண்டும் நீங்கள் பாக்கிறேல்லைதானே?"

"ஓம்."

"ரசீதெல்லாம் எனக்கு வரும். நீங்கள் பாலம் கடந்த உடன எனக்குத் தெரியும்." பிறகு டேனிஷில் கேட்டாள், போகிற வழியில் எங்களிடம் வருவீர்களா என்று.

"வரலாம்" என்றேன்.

"உந்தப் பெரிய வாகனம் எங்கட ரோட்டுக்குள்ள வராது. நீங்கள் பாலம் தாண்டினா மெயில் வரும், நான் உடன போன் பண்ணி எங்க நிப்பாட்டுறதெண்டு சொல்லுறன். அவனும் நானும் அங்க வந்து நிப்பம்."

"சரி."

இந்த முறை அந்தச் சொல்லை நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன். போனில் அந்த வித்தியாசம் கேட்டதோ தெரியாது.

ஒரு கிழமையில் பெட்டி தபாலில் வந்தது. கூடவே அவளுடைய கையெழுத்தில் ஒரு மஞ்சள் துண்டு. முன்கண்ணாடியில், கண்ணாடிக்கு நடுவில், மேலே ஒட்டவும் என்று டேனிஷில் எழுதியிருந்தாள். எழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் எழுதியது மாதிரியே இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் முக்கியமான எதுவும் முதலில் மாதாவின் காலடிக்குத்தான் போகும். புது வீட்டுத் திறப்புக்கோர்வை, பாஸ்போர்ட், பிள்ளையின் சோதனை அனுமதிச்சீட்டு, வேலைக்கு எழுதிய கடிதம், எல்லாம். சிலர் ஒரு இரவு வைத்து எடுப்பார்கள். சிலர் எடுப்பதே இல்லை. கெம்பரில் சாரதிக்கு முன்னால் ஒரு சின்ன மாதா சுரூபம் வைத்திருந்தேன், மூன்று பக்கமும் மேலும் கீழும் அலுமினியத் தகடு அடித்த கூட்டுக்குள். கண்ணாடிக் கதவு என் பக்கம் பார்த்தபடி இருக்கும். கூட்டின் முதுகு வீதியைப் பார்க்கும். பாதிரியார் வாகனத்தை ஆசீர்வதித்த அன்றே நாலு ஆணி போட்டு இறுக்கியது.

மகளிடமிருந்து ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பொருள் அந்தப் பெட்டி. நான் அதைக் கூட்டுக்குள், மாதாவின் காலடியில் வைத்தேன். கண்ணாடிக்கு அரை முழம் தூரம்தானே, வேலை செய்யும் என்று நினைத்தேன். மஞ்சள் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சொல்லியிருந்தபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். அவளுக்கும் அவனுக்கும் என்று றோல்ஸ் பொரித்து ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தேன். வழியில் முதலில் வரும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாலப்பெட்டியும் வங்கி அட்டையும் இரண்டும் ஏற்கும் வழியில் போய் நின்றேன். பீப் சத்தம் கேட்கவில்லை. டீசல் இரைச்சலில் கேட்காமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். தடை எழும்பவில்லை. அட்டையைக் காட்டு என்று திரையில் வந்தது. பக்கத்தில் உதவிக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் யாரோ டேனிஷில் கதைப்பார்கள், நானும் கதைக்கவேண்டும், பின்னால் வாகனங்கள் நிற்கும். பெரிய வாகனத்துக்கு இரண்டும் வேண்டும் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அட்டையைக் காட்டினேன். தடை எழும்பியது.

அல்பர்ட்ஸ்லுண்டுக்குத் திரும்பும் வெளிவழிக்குச் சற்று முன்னால் உள்ள ஓய்விடத்தில் நிறுத்தினேன். போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தேன். மெயில் போயிருக்கும். இனி அவள் போன் எடுப்பாள்.

ஒரு மணித்தியாலம் போனது. ஒரு குடும்பம் பக்கத்து மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. நான் இறங்கிக் கண்ணாடி துடைத்தேன். போனில் சார்ஜ் இருக்கிறதா, சத்தம் வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டாவது மணித்தியாலமும் போனது. நானே அவளுக்குப் போன் எடுத்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைக்கிறேன். விரலை அவள் பெயருக்கு மேல் வைத்திருந்தேன். நான் பாலம் கடந்தது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் எடுக்கவில்லை என்றால் அவன் விரும்பவில்லைப் போல, அல்லது அவளுக்கே மனம் மாறிவிட்டது போல என்று நினைத்தேன். எடுத்து அவளைச் சங்கடப்படுத்தக்கூடாது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு வெளிவழியைத் தாண்டி ஓடினேன். சுவீடனுக்குப் போகும் பாலத்திலும் பீப் இல்லை. அங்கேயும் அட்டையைக் காட்டினேன். றோல்ஸை மூன்று நாள் நானே சாப்பிட்டேன்.

நோர்வேயில் தடையே இல்லை. வீதிக்கு மேலே ஒரு வளைவு, அதில் கமெரா, பில் கிழமைக்கணக்கில் கழித்துத்தான் வரும், நாங்கள் பாட்டுக்குப் போகலாம். யாரும் நிறுத்தவில்லை, யாரோடும் கதைக்க வேண்டியிருக்கவில்லை. முன்பென்றால் எனக்கு அது பிடித்திருக்கும். மலையும் தண்ணீரும் அழகாகத்தான் இருந்தன. கெம்பர் நிறுத்தும் இடங்களில் எல்லாரும் சோடியாக இருந்தார்கள். மாலையில் கதிரைகளை வெளியே போட்டு எனக்குக் கை காட்டுவார்கள். நானும் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். நாலு பேர் இருக்கக்கூடிய மேசையில் ஒரு கோப்பை. மற்றக் கோப்பைகள் வாங்கிய கடதாசியோடு அலுமாரிக்குள் இருந்தன. மேல்கட்டிலில் என் ஜக்கெட்டைப் போட்டிருந்தேன். ஒன்பது நாளும் அது அங்கேதான் கிடந்தது.

திரும்பி வரும்போது, சுவீடன் பக்கத்துப் பாலத்தின் கட்டண வாயிலில் எனக்கு முன்னால் ஒரு லொறி போனது. அது வழிப் பலகையை மறைத்துவிட்டது. அது போன பிறகுதான் தெரிந்தது, நான் நிற்பது பாலப்பெட்டிக்கு மட்டுமான வழி. அட்டை போட இடமே இல்லை. பீப் இல்லை, தடை எழும்பவில்லை. பின்னால் ஐந்தாறு கார்கள். ஏழரை மீற்றரை எங்கே பின்னுக்கு எடுப்பது? ஒருவர் ஹோர்ன் அடித்தார். பொத்தானை அழுத்தினேன்.

ஒரு பெண்ணின் குரல் வந்தது. பெட்டி இருக்கிறதா என்று டேனிஷில் கேட்டார். இருக்கிறது என்றேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் எங்கே?

"மரியாளின் காலடியில்" என்றேன்.

பின்னால் திரும்ப ஹோர்ன் அடித்தார்கள்.

"எந்த மரியாள்?"

"இயேசுவின் அம்மா. அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. அலுமினிய வீடு."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. "அலுமினியத்துக்குள்ளே இருந்தால் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதே எங்களுக்குத் தெரியாது. அவருடைய வீட்டிலிருந்து அதைக் கொஞ்சம் வெளியே எடுக்க முடியுமா? எடுத்துக் கண்ணாடியில் பிடியுங்கள்."

கூட்டின் கதவைத் திறந்து எடுத்தேன். கையை நீட்டிக் கண்ணாடியில் மேலே பிடித்தேன்.

பீப்.

தடை எழும்பியது. அவர் நல்ல பயணம் என்றார். நான் நன்றி என்றேனா தெரியாது. பாலத்தின் மேலே பாதித் தூரம் போன பிறகுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. இன்றைக்கு மட்டுமல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வருவது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மெயில் போகவே இல்லை. நான் ஓய்விடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணித்தியாலமும், அவளும் எங்கேயோ போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

டென்மார்க் பக்கம் வந்ததும் முதல் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். இந்த முறை காத்திருக்கவில்லை. நான்தான் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா?" பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. வேலையில் இருந்தாள். "இப்பத்தான் ஒரு மெயில் வந்தது. பிழையா வந்ததெண்டு நினைச்சன். நீங்கள் சுவீடனில இருந்தோ வாறியள்?"

"ஓம். போன ஞாயிறு இல்லை, அதுக்கு முதல் ஞாயிறு வந்தனான் பிள்ளை. உன்ர வீட்டுக்குக் கிட்ட ரெண்டு மணித்தியாலம் நிண்டனான்."

அவள் டேனிஷில் மிக மெதுவாகச் சொன்னாள், நாங்கள் ஐந்து மணி வரைக்கும் பார்த்தோம் என்று. திரும்பத் தமிழுக்கு வந்தாள். "மெயில் வரேல்லை. நீங்கள் வெளிக்கிடேல்லை எண்டு நினைச்சன். விருப்பமில்லை எண்டா நீங்கள் சொல்லமாட்டியள்தானே. டயருக்குக் காத்தடிக்கப் போயிடுவியள்."

"பெட்டியை மாதாட்ட வச்சிட்டன்."

"என்னது?"

"கூட்டுக்குள்ள. காலடியில."

"அப்பா, நான் கண்ணாடியில ஒட்டச் சொல்லியெல்லோ எழுதினனான்! பெரிய எழுத்தில!" சிரித்தாளா அழுதாளா என்று பாத்திரச் சத்தத்தில் பிடிபடவில்லை.

சொல்லவேண்டியதை நான் ஒரு வருடமாக வைத்திருந்தேன். பெற்றோல் நிலையத்தில், லொறிகளுக்கு நடுவில், அது அவ்வளவு பெரிய வசனமாகத் தெரியவில்லை. "எனக்குக் கோபமில்லை பிள்ளை. அண்டைக்கும் இல்லை. இண்டைக்கு வரட்டோ?"

"மூண்டு மணிக்கு வேலை முடியும்." பிறகு, "அவனும் வருவான்."

"ஓம். வரட்டும்."

"விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால லொறி நிப்பாட்டுற இடம் ஒண்டு இருக்கு. அங்க நில்லுங்கோ. அசையக்கூடாது, சரியோ? ஹை ஹை" என்று டேனிஷ்காரர் போல விடைசொல்லி வைத்தாள்.

பன்னிரண்டரைக்கே நான் அங்கே போய்விட்டேன். இரண்டு லொறிகளுக்கு நடுவே நிறுத்தி, பாலப்பெட்டியை அவள் எழுதியபடி கண்ணாடிக்கு நடுவில், மேலே ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தினேன். சட்டைப்பையில் மஞ்சள் துண்டு இருந்தது. ஒன்பது நாளில் மடிந்து மெலிந்து போயிருந்தது. அதைக் கூட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மைதானத்தில் ஒருவரும் இல்லை, வலையில்லாத கம்பங்கள் மட்டும். எத்தனையோ இடங்களில் நான் இப்படித் தனியாக நின்றிருக்கிறேன். ஆனால் நான் நிற்பது இன்னொருவருக்குத் தெரிய நின்றது எப்போது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

இரண்டு மணிக்கு எழும்பி மேல்கட்டிலில் கிடந்த ஜக்கெட்டை எடுத்துக் கொளுவினேன். அலுமாரியிலிருந்து இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்துக் கடதாசியைப் பிரித்தேன். விலை ஒட்டியிருந்த இடத்தில் பசை போகவில்லை. சுடுதண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.