அம்மா படம் மாட்டிய சுவர்

இங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. மஸ்கட்டுக்கு வந்து வருஷங்கள் ஓடியும் என் உடம்பு இதை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு லாண்டிரி கிடையாது. இஸ்திரிச் சூடு இல்லாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஊரில் தம்பிக்கு ஷிப்ட் முடியக் காத்திருப்பேன். போனில் அப்பா முகம் வரும். ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பேன். வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களும் அப்படித்தானா, தெரியாது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பயம் மட்டும் குறைவில்லாமல் வரும். அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவர் எங்கள் மண்ணூர் வீட்டை விட்டு இறங்கி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடப்பதாகவே கண்ணில் ஓடும். அதனால் வாராவாரம் தம்பி குமாரிடம் "செவுத்தக் காட்டுடா" என்பேன். மாலை போட்ட அம்மா படம், அதற்கு மேல் சிவப்பு பல்பு, கண்ணாடி கீறிய கடிகாரம், பச்சை ஒயர் நாற்காலி. இவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் அப்பாவும் இருந்த இடத்தில்தான் இருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். கடைக்குத் துணி போட வரும் ஓமானிக் கிழவர்களை மகன்கள் கையைப் பிடித்துக் காரிலிருந்து இறக்குவார்கள். குமாரும் அப்பாவை இப்படித்தான் பிடித்துக்கொள்வான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முதலாளி அப்பாவைப் பற்றி விசாரித்தார். "ஃபாதர் ஃபர்கெட்" என்றேன். அவருக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது. "ஒய் யூ ஃபர்கெட் ஃபாதர்? கோ!" என்று திட்டி லீவு கொடுத்துவிட்டார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

மண்ணூர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு வடநாட்டு ஆள் திறந்தார். என்னையும் என் பெட்டியையும் பார்த்தார்.

"ரூம் ஃபுல், பையா."

"இது என் வீடு" என்றேன்.

"ஓனர் கோ ஃபோன் கரோ" என்று, ஓனருக்குப் போன் போடும்படி மரியாதையாகத்தான் சொன்னார். அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். அம்மா படம் இருந்த இடம் மட்டும் சுவரில் சதுரமாக வெளுத்திருந்தது. அந்த ஆணியில் யாருடைய யூனிபாரமோ தொங்கியது.

போன் போட்டதும் குமார் பைக்கில் வந்து சேர்ந்தான். "இன்னாண்ணா, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"அப்பா எங்கடா?"

"நல்லா கீறாரு. வண்டில குந்து, சொல்றேன்."

போகும்போதே முன்னால் பார்த்தபடி சொன்னான். "நானும் எம் பொண்டாட்டியும் ஷிப்ட்டுக்குப் பூடறோம். இவரு ரோட்டுக்கு வந்துடறாரு. ஒரு நாளு எவன் கம்பெனி பஸ்லயோ ஏறி உக்காந்துகினாரு. வூட்ல வெச்சு பூட்டிட்டுப் போவ சொல்றியா? வூட்ட வாடகைக்கு உட்டுட்டு நாங்க கம்பெனி பக்கமா போயிட்டோம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்கிட்டயா? பல்லி கத்துனாலே போன் பண்ணுவ நீ. அண்ணிகூட வேணாம்னுதான் சொன்னாங்க."

வாலாஜாபாத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கும் என் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. தினமும் என்னோடு பேசுகிறவள்.

மணிமங்கலம் போகும் வழியில் ஒரு புதுக் கட்டிடம். மறதி உள்ள பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். குமார் காட்டிய அறை வாசலில் என் கால் நின்றுவிட்டது. எதிரே எங்கள் வீட்டுச் சுவர். அதே படம், அதே பல்பு, அதே கீறல் விழுந்த கடிகாரம். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் திருநெல்வேலிப் பக்கத்தவர். பெருமையாகவே விளக்கினார்: "வீட்ல இருந்த மாதிரியே வச்சா அவுங்க மிரளமாட்டாவண்ணே. எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம்."

அவர் மேல் தப்பில்லை. மறதிக்காரரைச் சமாதானப்படுத்த மாட்டிய படத்தைக் காட்டி, நினைவு சரியாக உள்ள என்னை என் தம்பி மாதக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறான். நானாகத்தான் வாராவாரம் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

ஒயர் நாற்காலியிலிருந்து அப்பா நிமிர்ந்தார். "வாங்க சார்."

"பெரியவன்பா" என்றான் குமார்.

"பெரியவன் வெளிநாட்டுல கீறான்" என்று அப்பா அவனைத் திருத்தினார்.

குமார் டீ சொல்ல வெளியே போனதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"இது என் வூடு இல்ல சார். படத்த மாட்டிட்டு வூடுன்றானுங்க."

"உங்க பெரிய பையன்கிட்ட போன்ல சொல்லலாமில்ல?" என்றேன்.

"ஐய, அவன் பயந்தாங்கொள்ளி சார். சோறு துன்ன மாட்டான். நீங்களும் சொல்லிடாதீங்க."

என்னிடம் மறைப்பதில் அப்பாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டிருந்தார்.

கோபத்தில் வாலாஜாபாத் போகவில்லை. "நீங்க நிம்மதியா தூங்கணும்னுதாங்க" என்று மனைவி போனில் அழுதாள். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் எடுத்தேன். ஊர் கேட்டார்கள், மண்ணூர் என்றேன். "பக்கத்துலதானே சார், வூட்டுக்கே பூடலாமே?" என்றார் லாட்ஜ்காரர். லீவு முடியும்வரை தினமும் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். தினமும் "வாங்க சார்"தான்.

திரும்பி வந்துவிட்டேன். குமாரோடு இன்னும் சரியாகப் பேச்சில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவன் போனில்தான் அப்பா வர வேண்டும். நேரில் சாராக இருந்தவன் போனுக்குள் மகனாகிவிடுகிறேன்.

"பெரியவனே, துன்னியாடா?"

"துன்னேன்பா. நீ எங்க கீற?"

அப்பா ஓரக்கண்ணால் குமாரைப் பார்க்கிறார். பிறகு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். "வூட்லதான்டா. எங்க போவப்போறேன்?"

அம்மா படத்துக்குக் கீழே வெள்ளை டைல்ஸ் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் டைல்ஸ் கிடையாது.

"ஆமாம்பா, தெரியுது" என்கிறேன். "நம்ம வூடுதான்."